கடைசியாகக் கை வைத்தவர்

“செத்த சரக்கா? எது செத்த சரக்கு? இன்னொரு வாட்டி சொல்லு பாக்கலாம்!”

“நூறு வாட்டி சொல்றேன் பாய். ஷட்டர் ஒட்டிக்கினு கீது. பத்து தபா அமுக்குனா ஒரு தபா தொறக்குது. உள்ள எண்ணெய ஊத்தி, அன்னிக்கு ஒரு நாள் ஓட வெச்சி, என் தலையில கட்டிட்டீங்க!”

“எண்ணெயா? கேமராவுக்கு எண்ணெயா? நான் இன்னா மாட்டு வண்டியா விக்கிறேன்?”

“மாமா, கொஞ்சம் மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும் உமைரா! பாக்கத்தானே வந்தேன் ஆட்டோ புடிச்சி!”

பார்த்தோம். பார்க்காமல் என்ன செய்வது? எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு குழாய். எட்டு ஜன்னலும் குழாயைப் பார்த்துத்தான். கட்டிய மேஸ்திரி காற்றுக்காக அப்படி வைத்தானோ, எங்களுக்காக வைத்தானோ, புண்ணியவான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நான் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டுக் கீரை. அன்று அது இரண்டரை மணி நேரம் ஆயப்பட்டது.

கத்தியவர் வாஹித் பாய். பழவேற்காட்டுக்காரர், முழுப்பெயர் அப்துல் வாஹித், எழுபதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு காலத்தில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தவர். வாட்ச், ரேடியோ, கேமரா. கூட வந்த உமைரா அவருடைய தம்பி மருமகள். எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவள் மெர்சி, மூன்றாம் நம்பர் வீடு. உமைராவும் மெர்சியும் சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட்.

காரின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியைச் செய்கிற கம்பெனி அது. மெர்சி குவாலிட்டி. பெல்ட்டில் வரிசையாக வரும் கண்ணாடியில் கீறலோ புள்ளியோ கொப்புளமோ இருந்தால் சீட்டு எழுதி ஒட்டித் தள்ளிவிட வேண்டும். எட்டு மணி நேரமும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவள், தலை கலைந்துதான் வெளியே வருவாள். ஐந்து வருடமாகக் காண்ட்ராக்ட். வருடத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பத்து நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள், பிறகு புது அட்டை கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளும் அவள் குழாயடிக்கும் கேட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்ப்பாள். உட்கார்ந்தாலும் வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். பெல்ட்டுக்கு முன்னால் அசையாமல் நின்ற கால் வீட்டில் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது என்பாள் எதிர்வீட்டுக் கங்கம்மா.

இவளுக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், பலமுறை, பல பேரிடம்.

போன ரம்ஜானுக்கு உமைரா வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போன மெர்சி, அதே வீட்டில் இருக்கும் வாஹித் பாயின் கண்ணாடி அலமாரியைப் பார்த்திருக்கிறாள். கடையை மூடியபோது விற்காமல் நின்ற பிலிம் கேமராக்கள், பதினோரு உருப்படி. பழவேற்காட்டுக் காற்றில் உப்பு. ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒருமுறை உதிரும் ஊர். ஆனால் அந்த அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு ஒன்று ராப்பகலாக எரிந்துகொண்டே இருக்கும். ஈரம் அண்டினால் லென்ஸில் பூஞ்சை படரும் என்று பாய் இருபது வருடமாக அதை அணைத்ததில்லை. கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார் என்று தெருவில் கேலி. மெர்சி ஒன்றை எடுத்தாள், பின்பக்கத்தைத் திறந்து போன் டார்ச்சை உள்ளே அடித்தாள், லென்ஸைப் பார்த்தாள். “ஓரத்துல சிலந்தி நூலாட்டம் ஒண்ணு கீது பாய், நடுவுல சுத்தம்,” என்றாள். பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நூல் இருந்தது. இருபது வருட பல்பையும் மீறி வந்த நூல். அன்றைக்கே அவருக்கு இவள்மீது ஒரு மரியாதை, கூடவே ஒரு கோபம்.

இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் பழைய கேமராவுக்கு அலைகிறார்கள். கையில் இருக்கும் போனில் ஆயிரம் படம் எடுத்து எதையும் பார்ப்பதில்லை. முப்பத்தாறு படத்துக்குப் பிலிம் வாங்கி, கழுவக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருக்கிறார்கள். நமக்கென்ன. பாயின் கேமரா ஒன்றை மெர்சி இன்டர்நெட்டில் போட்டாள். எல்லாரும் ‘சூப்பர் கண்டிஷன்’ என்று போடும் இடத்தில் இவள் தன் கம்பெனிப் பழக்கத்தில் பழுதை முழுக்க எழுதிவிட்டாள்: பேட்டரி அறையில் பச்சை உப்பு, மூடியின் மரை பாதி தேய்ந்தது, வெளிச்சம் அளக்கும் முள் அசையவில்லை. யாராவது வாங்குவார்களா? வாங்கவில்லை. ஆனால் ஒருத்தி போன் செய்தாள். எழும்பூரில் பழைய கேமரா விற்கவும் வாடகைக்கு விடவும் கடை வைத்திருக்கும் அருணா. “இந்தக் குறிப்ப எழுதினது யாரு?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

அருணாவுக்கு வேண்டியது கடைக்கு வரும் சரக்கைப் பார்த்துப் பழுது சொல்கிற ஆள். நிரந்தர வேலை, பகல் வேலை, அட்டையைப் பிடுங்காத வேலை. ஒரு பரீட்சை மட்டும். மூன்று கேமரா எடுத்து வைக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. “கேமரா நல்லா இருக்கணும்னு நான் கேக்கலை. சீட்டும் கேமராவும் ஒண்ணா இருக்கணும். மூணுக்கு மூணு.” சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். கடைசி வரி முக்கியம் என்றாள். கடைசியாகக் கை வைத்தவர் யார்? ஏனென்றால் பூஞ்சையும் துருவும் மெதுவாகத்தான் வரும். தெரியாதவன் ரிப்பேர் செய்தால் கேமரா ஒரே நாளில் முடிந்துவிடும்.

வியாழக்கிழமை பாயிடமிருந்து மூன்று கேமரா வந்தது. அன்று சாயங்காலமே மெர்சி தேடித்தேடிப் பார்த்துச் சீட்டு எழுதி நூலால் கட்டிவிட்டாள். அருணா வருவது ஞாயிறு மூன்று மணி மின்சார ரயிலில்.

அந்த ஞாயிறு வேறொரு விஷயமும் நடந்தது. அன்று காலை எங்கள் சபையில் மெர்சிக்கும் ஆறாம் நம்பர் வீட்டு ஸ்டீவனுக்கும் முதல் ஓலை படித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பாஸ்டர் இரண்டு பேர் பெயரையும் படித்து, “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்” என்று நிறுத்துவார். அந்த நேரத்தில் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபேன் சத்தத்தைக் கேட்கும். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நாங்கள் குழாயடியில் முன்னாடியே சொல்லி முடித்திருப்போம்.

ஸ்டீவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கம்பி உருட்டும் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நல்ல பையன், குடி கிடையாது, அம்மா ஹெலன் சொல்லைத் தட்டாதவன். அந்த ஒரு வாக்கியத்தில் நல்லதும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது. பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் சிகப்பு மூக்குக் குழலோடு ஒரு துரு ஸ்ப்ரே டப்பா. எது சிக்கினாலும் அவனுக்கு ஒரே மருந்து. சபை கேட்டுக்கு அடித்தான், சரிதான். கங்கம்மாவின் தையல் மெஷினுக்கு அடித்து அடுத்த மூன்று ஜாக்கெட்டில் கறை. என் டேபிள் ஃபேனுக்கு அடித்தான். அது சுற்றும்போது வீடே மில் மாதிரி மணந்தது.

காலையில் ஓலை படித்து முடித்து, கையைக் குலுக்கியவர்களுக்கெல்லாம் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த மெர்சி, கடைசியாக ஒருமுறை கேமராக்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாவதில்தான் இடி. கையடக்கமான ஜப்பான் கேமரா. அதில் லென்ஸுக்கு உள்ளேயே ஷட்டரின் மெல்லிய தகடுகள் பூவிதழ் மாதிரி திறந்து மூட வேண்டும். வியாழக்கிழமை எல்லாம் சரியாகத் திறந்தது. ஒரு செகண்டு திறந்து நிற்க வேண்டிய வேகத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கியது, சீட்டிலும் அப்படியே எழுதியிருந்தாள். இன்றைக்கு இதழ்கள் ஈரமாக மினுங்கின, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. விற்கிற அன்று மட்டும் ஓட வைப்பதற்காகச் சில வியாபாரிகள் உள்ளே எண்ணெய் விடுவார்கள், அது மெல்லக் கசிந்து இரண்டு மூன்று நாளில் இதழில் ஏறும் என்று அருணா சொல்லிக் கொடுத்திருந்தாள். மெர்சிக்குக் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்துப் பாயைக் கிழித்தாள். பாய் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். மானஸ்தர், ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

இனிக் குழாயடிக்கு வருவோம்.

“இந்தா பாரு மெர்சி,” என்றார் பாய், விரலை ஆட்டி. “முப்பது வருஷம் யாவாரம். வித்த சாமான் திரும்பி வந்தது இல்ல. என் பேரை நீ அந்தச் சீட்டுல எழுதி, பக்கத்துல எண்ணெய்னு எழுதி, எழும்பூர்ல போயி ஒக்காரப் போறியா? வாஹித் எண்ணெய் ஊத்தி வித்தான்னு மெட்ராஸ் பூரா பேசணுமா?”

“பின்ன யாரு ஊத்துனா? கேமரா தானா போய் எண்ணெ தேச்சிக் குளிச்சிச்சா?”

கங்கம்மா சிரித்துவிட்டாள். ஹெலன் தன் வாசலில் இருந்து இறங்கி வந்தாள். கூடவே, ஓலைக்காக ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் மகள் கிறிஸ்டினா, கையில் பஜ்ஜித் தட்டோடு. சண்டையைப் பார்த்துக்கொண்டே எல்லாருக்கும் ஒன்று கொடுத்தாள். அடக்கமான பெண்.

“உப்புக் காத்து ஊர்ல இருந்து வந்த சாமானுமா,” என்றாள் ஹெலன். “அங்க கதவே ஊறிப்போவுது. கேமரா எம்மாத்திரம்?”

“உப்புக் காத்துல துரு வரும்மா. எண்ணெய் எப்புடி வரும்?” பாய் திரும்பி மெர்சியிடம் வந்தார். “நீதானே அன்னிக்கு என் வீட்டுல பெரிய வாத்தியாராட்டம் சொன்ன? கேமராவ வாங்குறதுக்கு முந்தி மூக்கால பாக்கணும், பூஞ்சை மொதல்ல மூக்குக்குத்தான் தெரியும்னு? மோந்து பாரு. என் ஊட்டு வாசனை வருதா பாரு. திருகாணி எல்லாம் பாரு. ஒண்ணுலயாவது கீறல் கீதா? நான் தொறந்தா கீறாம தொறக்க முடியுமா?”

மெர்சி வேண்டாவெறுப்பாகக் கேமராவை மூக்கருகே கொண்டுபோனாள். அப்போதுவரை தரையைத் தட்டிக்கொண்டிருந்த அவள் வலது கால் நின்றுவிட்டது.

அந்த வாசனை எங்கள் எல்லாருக்கும் தெரியும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் வாழைப்பழம் பிசைந்த மாதிரி. என் ஃபேனில் இன்றைக்கும் இருக்கிறது.

அவள் தலையை மெல்லத் திருப்பினாள். ஸ்டீவன் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஓலைக்குப் போட்ட புதுச் சட்டை, புதுப் பேண்ட்டு. பாக்கெட்டில் அந்தப் பழைய டப்பா, புடைத்துக்கொண்டு. அவன் மோட்டாரைப் போட்டான். டேங்க் நிரம்பித்தான் இருந்தது. அணைத்தான். மறுபடி போட்டான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மத்தியானம், மெர்சி ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், அவள் அம்மா ரேஷனுக்குப் போக, ஸ்டீவன் மூன்றாம் நம்பர் வீட்டுக்குள் போனதை நான் பார்த்தேன். நிச்சயமான பையன், போகட்டும். உள்ளேயிருந்து இரண்டு தடவை ‘புஸ்’ என்று கேட்டது. கொசு மருந்து என்று நினைத்துக்கொண்டேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

மெர்சியும் அவனைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்பது எனக்கே தெரிந்தது, அவனுக்கா தெரியாது? சூலூர்ப்பேட்டை வண்டி ஊதிக்கொண்டு போனது. சிப்காட் பக்கம் இரண்டு மணிச் சங்கு பிடித்தது. பாய் சட்டைப் பொத்தானைத் திறந்து ஊதிக்கொண்டார்.

ஸ்டீவன் தொண்டையைச் செருமினான். “ஆமா பாய். அம்மா சொல்றது கரெக்ட்டு. சில ஊர்ல காத்துலயே ஒரு மாதிரி பிசுக்கு இருக்கும். ஷாஃப்ட்ல எல்லாம் பாத்துக் கீறேன். தானா கசியும்.”

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாருப்பா?”

“மாப்ள,” என்றாள் ஹெலன், பெருமையாக.

மெர்சி உள்ளே போனாள். மற்ற இரண்டு கேமராவையும் எடுத்து வந்து துவைக்கும் கல்லின்மேல் ஒரு துண்டை விரித்து வரிசையாக வைத்தாள். மூன்றாவது கேமராவின் பழைய சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதவில்லை. கல்லைச் சுற்றி எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பாய் கிளம்ப மறுத்தார். சீட்டில் என்ன எழுதுகிறாள் என்று பார்க்காமல் போக மாட்டாராம். அவருக்கு நாற்காலி போட்டோம். அதில் அவரும் உட்காரவில்லை. ஹெலன் வீட்டுக்குள் போவாள், வருவாள். நான் கீரையைக் கீழே வைத்து எடுத்தேன். அன்று குழாயடியில் ஒரு இடத்தில் நிலையாக இருந்தது குழாய் ஒன்றுதான்.

மூன்றேகாலுக்கு அருணா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வெட்டிய முடி, முதுகில் பை. வந்தவுடன் தண்ணீர் கேட்டாள், குடித்தாள், துவைக்கும் கல்லின் எதிரே குந்தி உட்கார்ந்து முதல் கேமராவை எடுத்துவிட்டாள். வெட்டிப் பேச்சே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் சீட்டைப் படித்தாள்: பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய பஞ்சு உருகித் தார் ஆகிவிட்டது. கதவைத் திறந்து விரலை வைத்தாள். விரல் கறுப்பானது. தலையாட்டினாள். இரண்டாவது: பிலிமுக்கு முன்னால் இருக்கும் திரைத்துணியில் ஊசி ஓட்டை, மேல் மூலையில். சூரியனுக்கு எதிரே பிடித்து, பின்பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். “ஒரே ஒரு நட்சத்திரம்,” என்றாள். “இத நான் விட்டிருப்பேன்.” கங்கம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், ஏதோ அவளே வளர்த்த பிள்ளை மாதிரி.

“மூணாவது சீட்டு எங்க?”

“எழுதிக்கினு கீறேன் மேடம்.” மெர்சி பேனாவைத் திறந்தாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “லென்ஸ் சுத்தம். பூஞ்சை இல்லை. திருகாணி கீறல் இல்லை. ஷட்டர் இதழ்ல எண்ணெய், ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வாங்குன அன்னிக்கு எண்ணெய் இல்லை, ஒரு செகண்டுல மட்டும் தயக்கம்.” நிமிர்ந்தாள். எட்டு வீட்டையும் பார்த்துக் கேட்டாள். “கடைசியா கை வெச்சது யாரு? தெரிஞ்சவங்க சொல்லலாம்.”

காலையில் பாஸ்டர் கேட்டபோது இருந்த அதே அமைதி. ஃபேன் சத்தம் மட்டும்தான் இல்லை.

“தெரியலன்னு எழுதேன்மா,” என்றாள் ஹெலன், அவசரமாக. “யாருக்கு நஷ்டம்? பாய் பேரும் வேணாம், யாரு பேரும் வேணாம்.”

“தெரியலன்னா என் மேலதானே நிக்கும்?” என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது. “குடுத்தது நானு. தெரியலன்னா நான்தான்.”

மெர்சி ஸ்டீவனைப் பார்த்தாள். அவன் மோட்டார் சுவிட்சைப் பார்த்தான். அவள் குனிந்து எழுதினாள்.

“ஸ்டீவன். மெயின்டனன்ஸ்.”

எழுதியதைப் படித்தும் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. “ஏய், இன்னா நீ! நான் இன்னா கெடுக்கவா பாத்தேன்? சீட்டு கட்டி இருந்திச்சு! ஒரு செகண்டுல சிக்குதுன்னு உன் கையெழுத்துல எழுதி நூல் போட்டுக் கட்டி இருந்திச்சு! எங்க மில்லுல மிஷின்ல சீட்டு கட்டுனா இன்னா அர்த்தம்? மெயின்டனன்ஸ் பாக்கணும்னு அர்த்தம்! ஷிப்ட் முடியறதுக்குள்ள பாக்கலன்னா எனக்கு மெமோ! நான் பாத்தேன். ரெண்டே புஸ்ஸு. அழகா ஓடிச்சி. நீ வந்து பாத்து சந்தோசப்படுவன்னு சொல்லாம வெச்சேன்.”

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் பாவம். அவள் கம்பெனியில் சீட்டு என்றால் தொடாதே என்று அர்த்தம். அவன் கம்பெனியில் சீட்டு என்றால் சரிசெய் என்று அர்த்தம். இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர்தான்.

அருணா கேமராவை வாங்கிக் காதருகே வைத்து அமுக்கினாள், வெளிச்சத்தில் இதழ்களைப் பார்த்தாள், முகர்ந்தாள், சீட்டைப் படித்தாள். “மூணுக்கு மூணு,” என்றாள். பிறகு, “இதுல ஸ்டீவன் யாரு?” என்று கேட்டாள். ஏழு வீட்டு ஜன்னலும் ஆறாம் நம்பரைக் காட்டின. அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. “அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வந்துடு,” என்று மெர்சியிடம் சொன்னாள். “இத பிரிச்சிக் கழுவ எனக்கு ஒரு வாரம் ஆகும். கழுவிடலாம்.”

பாய் சீட்டைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். ‘வாங்குன அன்னிக்கு எண்ணெய் இல்லை’ என்ற இடத்தில் விரலை வைத்து உமைராவுக்கும் காட்டினார்.

“பாய், மன்னிச்சிக்கங்க,” என்றாள் மெர்சி. “போன்ல அப்புடிப் பேசியிருக்கக் கூடாது.”

“பேசுனா பேசிட்டுப் போ. தெருவுல கத்துனது நானுந்தான்.” அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாஷ்டா துன்னதோட வந்தவன். டீயாவது போடச் சொல்லு.”

டீ நான்தான் போட்டேன். கிறிஸ்டினா எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஸ்டீவனுக்குக் கொடுக்கும்போது அவன் கை நீட்டாததைப் பார்த்து டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, “ஆறட்டும், அப்புறமா குடி மாமா,” என்றாளாம். கங்கம்மா பக்கத்தில் இருந்தாள்.

அருணாவை ஸ்டேஷனில் விட்டுவிட்டு மெர்சி திரும்பும்போது கேட்டில் மறித்தான் ஸ்டீவன். கேட்டுக்கும் என் ஜன்னலுக்கும் நாலடி. நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது.

“ஓலை படிச்ச அன்னிக்கே என் பேரை பழுதுச் சீட்டுல எழுதிட்ட. நாளைக்கு மில்லுல எவன்னா கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?”

“எண்ணெய் அடிச்சதுக்கு நான் ஒண்ணுமே சொல்லல ஸ்டீவன். கழுவுனா போயிடும்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“பின்ன இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?”

“அந்த வயசான மனுசன் ஒன்றரை மணி நேரமா கத்திக்கினு இருந்தாரு. நீ ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லாம இருந்தது கூட சரி. காத்துல கசிஞ்சிச்சின்னு சொன்ன பாரு.”

“அம்மா சொன்னாங்க, நானும்…”

“ஆமா. அம்மா சொன்னாங்க.”

அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை படித்தார்கள். மெர்சி வந்திருந்தாள். பாஸ்டர் தடையைக் கேட்டு நிறுத்தியபோது அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது, பெஞ்சு முழுக்க அதிர்ந்தது. ஓலை கேட்பதற்காகவே சபைக்கு வந்து எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கங்கம்மா என்னைக் கிள்ளினாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு பாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். “தடை கீதுங்க ஐயா. சொல்றவ நான்தான்.” பாஸ்டருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம், பெண்ணே வந்து தடை சொல்வதற்குப் புத்தகத்தில் ஜெபம் இல்லை. அவருடைய வீட்டம்மா சொன்னது. ஹெலன் ஒரு மாதம் எங்கள் யாரோடும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்டீவன் அந்த வருடம் ஐப்பசியில் கிறிஸ்டினாவைக் கட்டிக்கொண்டான். மூன்று ஓலையும் ஒழுங்காகப் படித்தார்கள், ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் ஆரம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஹெலன் இங்கே பாதி அங்கே பாதி. கிறிஸ்டினா முதல் வாரமே அந்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாளாம். வேண்டுமென்றால் அவளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டு வாங்குகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், நான் போய்ப் பார்த்தேன்.

உமைரா இன்னும் கண்ணாடிக் கம்பெனியில்தான். வாஹித் பாய் அலமாரியில் மிச்சமிருந்ததற்கெல்லாம் தானே சீட்டு எழுதிக் கட்டிவிட்டார். கேமரா, ரேடியோ, சுவர்க் கடிகாரம், கடைசியில் வீட்டு மிக்ஸி வரைக்கும். ‘கை வைத்தவர்: யாருமில்லை.’

மெர்சி அம்மாவைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டாள். இந்தத் தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சாலமோன், ரயில்வேயில் கிளார்க். அருணா கடைக்குத் தன் சித்தப்பா கேமராவை விற்க வந்தவன். கொண்டுவந்த அன்றே, “கீழ போட்டது நான்தான், அடிவாங்கின இடம் இதுதான்” என்று தானே காட்டினானாம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவள் வெயிலுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தாள் என்று கங்கம்மா சொல்வது பொய். நாங்கள் மூன்று மணி வண்டியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கோழி குருமாவில் உப்புக் கம்மி.

மூன்றாம் நம்பர் வீட்டுக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை. என்ன வேலை, எந்தக் கம்பெனி, எதற்கு ஊரை விட்டு வந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வந்து நாற்பது நாள் ஆகிறது, ஜன்னலை ஒருநாள்கூடத் திறக்கவில்லை.